அக்கா எழுதிய ஆஞ்சீன்

1

அப்பாவின் எட்டாம் வருடத் திவசம் வருகிறது என்று புதுச்சேரியிலிருந்து அக்கா கடிதம் போட்டிருக்கிறாள். அக்காவின் கடிதம்தான், ஆனால் கையெழுத்து அவளுடையது இல்லை. அவளுடைய மகள் கல்யாணி எழுதியிருக்கிறாள். ‘அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன் மாமா’ என்பது வழக்கமான முதல் வரி. எட்டு வருடமாக இப்படித்தான் வருகிறது.

அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் புதுச்சேரியின் சாரம் பகுதியில், எங்கள் தெருவில் பாதி வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தது அவள்தான். பிரான்சில் பட்டாளத்தில் இருக்கும் மகனுக்கு, கடலூரில் வாழ்க்கைப்பட்ட தங்கைக்கு, பென்ஷன் ஆபீசுக்கு என்று எல்லாவற்றுக்கும் அவளிடம்தான் வருவார்கள். அழகான குண்டுக் கையெழுத்து. அப்பா போன பிறகு அவள் பேனாவைத் தொடுவதில்லை. மளிகைச் சாமான் பட்டியலைக்கூடக் கல்யாணிதான் எழுதுகிறாளாம். கேட்டால், “நான் எழுதினா தப்பாயிடும்” என்று சொல்கிறாளாம்.

அவள் ஏன் எழுதுவதில்லை என்பது எனக்குத் தெரியும். தான் எழுதிய ஒரு கடிதத்தால் அப்பா செத்துப்போனார் என்று நினைக்கிறாள். அது உண்மை இல்லை. உண்மையை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று நான் எட்டு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்பதுகூடப் பெரிய பேச்சு. காலையில் எழுந்து காப்பி போட்டு, நோயாளிகளைப் பார்த்து, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருகிறேன். அந்தக் கேள்வி அதன் பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கிறது. வலிக்கிறதா என்று யாராவது கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். எதுவுமே வலிப்பதில்லை.

2

நான் இருப்பது பிரான்சின் தெற்கே ஒரு சின்ன ஊர். டாக்டர் வேலை. இங்கே தொழில் செய்யும் டாக்டர்கள் அவ்வப்போது கூடி மறுபடி படிக்கிறார்கள். அதற்கு ரெசிக்லாஜ் என்று பெயர். பழைய காகிதத்தையும் காலி பாட்டிலையும் அரைத்துப் புதிதாக்குவதற்கும் இதே சொல்தான். ஐம்பது வயது டாக்டர்களை எதோடு சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். முதல்முறை கேட்டபோது சிரிப்பு வந்தது. இப்போது நானும் சிரிக்காமல் சொல்கிறேன்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் நகராட்சிக் கூடத்தில் கூடுவோம். இருபது பேர் இருப்போம். பெரிய ஊரிலிருந்து ஒரு பேராசிரியர் வருவார். திரையைத் தொங்கவிட்டு ஸ்லைடு போடுவார். எனக்குப் பக்கத்தில் உட்காரும் கிழட்டு டாக்டர் இரண்டாவது ஸ்லைடில் தூங்கிவிடுவார். அவருக்கும் சேர்த்து நான்தான் குறிப்பு எடுப்பேன். வாசலில் கையெழுத்துப் போடும் தாளில் என் பெயர் ‘டாக்டர் கோவிந்தசாமி’ என்று இருக்கும். அது அப்பாவின் பெயர். என் பிறப்புச் சான்றிதழை இங்கே பதிந்தபோது எது அப்பா பெயர், எது பிள்ளை பெயர் என்று ஒரு குமாஸ்தா குழம்பி, அப்பாவைக் குடும்பப் பெயராக்கிவிட்டார். திருத்தச் சொல்லி நான்கு மனு போட்டேன். ஐந்தாவது மனுவுக்கு, எந்தப் பெயரில் மனுப் போடுகிறீர்களோ அந்தப் பெயருக்கு ஆதாரம் அனுப்பவும் என்று பதில் வந்தது. அத்தோடு விட்டுவிட்டேன். அதனால் மாதா மாதம் அப்பாதான் வகுப்புக்கு வந்து போவதாகக் கணக்கு.

கூட்டத்தை நடத்துபவர் மதாம் பெர்ரான் என்ற டாக்டரம்மா. கறாரான பெண்மணி. போன மாதம் எங்களிடம் சொன்னார்:

“அடுத்த தடவை பேராசிரியர் கிடையாது. நீங்கள்தான் பாடம். ஆளுக்கு ஒரு தவறு கொண்டு வாருங்கள், நீங்கள் செய்த தவறு. சின்னதாக ஒன்றைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள்.”

அந்த வாரம்தான் கல்யாணியின் கையெழுத்தில் அக்காவின் கடிதம் வந்தது.

3

ஆஞ்சீன் என்ற சொல்லை இன்றைய புதுச்சேரிப் பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் தொண்டை வலிக்கு அதுதான் பெயர்.

அப்பா பஞ்சாலையில் நெசவுப் பகுதி மேஸ்திரி. பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஆலைக்குள்ளேயே ஒரு மருத்துவ அறை இருந்ததாம். பஞ்சுத் தூசியில் தொண்டை கட்டாத ஆள் கிடையாது. வெள்ளைக்கார டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்து, சீட்டில் ‘ஆஞ்சீன்’ என்று எழுதுவார். பிரெஞ்சில் தொண்டை அழற்சிக்கு அதுதான் சொல். அந்தச் சீட்டைக் காட்டினால் ஒரு நாள் லீவு. அதனால் எங்கள் தெருவில் தொண்டை வலி என்று யாரும் சொல்வதே இல்லை. வெள்ளைக்காரர்கள் போய், சீட்டும் போய், சொல் மட்டும் தங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் நான் “சார், ஆஞ்சீன் சார்” என்று சொல்ல, விழுப்புரத்திலிருந்து வந்த வாத்தியார் அது என்ன பலகாரமா என்று கேட்டார்.

பிறகு ஊரிலேயே மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தேன். பாடம் எல்லாம் ஆங்கிலத்தில். அங்கே ஆஞ்சைனா என்று ஒன்று வந்தது. இதயத்துக்குப் போதிய ரத்தம் போகாமல் வரும் மார்பு வலி அது. நெரிப்பது என்று பொருள்படும் ஏதோ பழைய சொல்லுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகள் இவை. ஒன்று பிரெஞ்சுக்காரனிடம் போய்த் தொண்டையில் உட்கார்ந்தது. மற்றது ஆங்கிலேயனிடம் போய் மார்பில் உட்கார்ந்தது. நானும் என் வகுப்புத் தோழன் தணிகாசலமும் இதை வைத்து எவ்வளவோ கேலி பேசியிருக்கிறோம். ஆகவே வித்தியாசம் எனக்குத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

படித்து முடித்ததும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் கொடுத்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கே வந்தேன். என் டாக்டர் பட்டம் இங்கே செல்லாது என்று விமான நிலையத்திலிருந்து வந்த முதல் வாரமே சொல்லிவிட்டார்கள். ஆறு வருடம் ஓர் ஆஸ்பத்திரியில் அரை டாக்டராக இருந்தேன். ரத்தம் எடுக்கலாம், மருந்து எழுதக் கூடாது. தேர்வு எழுதி, மனு அனுப்பி, காத்திருந்தேன். வீட்டுக்கு இதெல்லாம் சொல்லவில்லை. ஊரில் அப்பா என்னைப் பாரீஸ் டாக்டர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பாரீசிலும் இல்லை, டாக்டராகவும் இல்லை.

தணிகாசலம் ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் ரோட்டிலேயே ஒரு கிளினிக் போட்டான். நான் ஒருமுறை லீவில் போயிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை என்னைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனான். ஊர் டாக்டர்கள் சேர்ந்து மாதம் ஒரு வகுப்பு நடத்துகிறார்கள் என்றான். வாடகைக் கூடம், இரும்பு நாற்காலி, ஓடும்போது கடகடவென்று சத்தம் போடும் ஸ்லைடு பெட்டி. நடுவில் கரண்ட் போய்விட்டது. பாடம் எடுத்தவர் ஜன்னலைத் திறக்கச் சொல்லி, ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முன்வரிசைக்காரர்கள் எழுந்துபோய் ஒற்றைக் கண்ணால் பார்த்தார்கள். முடிந்ததும் பிரியாணி.

“பாடத்துக்கு வர்றியா, பிரியாணிக்கு வர்றியாடா?” என்று கேட்டேன்.

“ரெண்டுக்குந்தான்” என்றான். “ஒனக்கின்னா, அங்க தெனம் படிக்கிற. நான் இந்தக் கிளினிக்குல ஒக்காந்தா சளி, காய்ச்சல், பேதி. பத்து வருசத்துல இந்த மூணுதான் தெரியும்னு ஆயிடும்.”

எனக்குள் ஒரு இளப்பம் இருந்தது. இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து என்ன தெரிந்துகொண்டுவிடப் போகிறான் என்று. மருந்துச் சீட்டு எழுத அனுமதி இல்லாதவனுக்கு வந்த இளப்பம்.

4

எழுபதுகளின் கடைசியில் அக்காவிடமிருந்து அந்தக் கடிதம் வந்தது.

‘அப்பாவுக்கு ஆஞ்சீன் என்று தணிகாசலம் டாக்டர் சொல்லிவிட்டார். நாக்குக்குக் கீழே வைக்க மாத்திரை கொடுத்திருக்கிறார். அப்பா அவரை நம்பமாட்டேன் என்கிறார். எம்புள்ள சொல்லட்டும் என்கிறார். நீ ஒரு வார்த்தை எழுது தம்பி.’

அப்போது நான் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் ஆஸ்பத்திரியில் டாக்டர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. பின்வரிசையில் நின்று கேட்கலாம் என்று எங்களையும் விட்டார்கள். பாடம் ஆஞ்சீன். தொண்டைக் கிருமியை அலட்சியம் செய்தால் அது பின்னால் இதய வால்வைக் கெடுக்கும், ஆகவே பென்சிலினைப் பத்து நாள் முழுசாகக் கொடுக்க வேண்டும் என்பது பாடத்தின் சாரம். பிரெஞ்சில் கேட்டது முழுதும் புரிந்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

கடிதத்தைப் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி படித்தேன். அன்று சாயங்காலமே பதில் எழுதினேன். வகுப்பில் கேட்டதை அப்படியே ஒப்பித்தேன். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கட்டும், பென்சிலின் பத்து நாள், ஐஸ் தண்ணீர் வேண்டாம். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘தணிகாசலம் கொடுத்த மற்ற மாத்திரைகள் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அவை தேவையில்லை.’

மருந்து எழுதக் கூடாது என்று ஒரு நாடே சொல்லி வைத்திருந்த காலத்தில், நான் எழுதிய ஒரே மருந்துச் சீட்டு அது.

என் பதில் போய்ச் சேர்ந்த அன்று அப்பா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெரு முழுக்கக் காட்டினாராம். “பாத்தியா, வெறும் ஆஞ்சீன்தானாம். எம்புள்ள எழுதிட்டான். அந்தத் தணிகாசலம் ஈசிஜி அது இதுன்னு பயமுறுத்திட்டான்.” நாக்குக்குக் கீழே வைக்கும் மாத்திரைகளை அன்றே நிறுத்திவிட்டார். உப்புத் தண்ணீரை மட்டும் வேளை தவறாமல் கொப்பளித்தார். இரண்டு வாரம் கழித்து, மார்க்கெட்டிலிருந்து சைக்கிளில் வந்தவர், வாசலில் ஸ்டாண்டு போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தார். அக்கா தண்ணீர் கொண்டு வருவதற்குள் போய்விட்டார்.

5

தந்தி வந்து, லீவு கேட்டு, டிக்கெட் கிடைத்து, நான் போய்ச் சேர்ந்தபோது கருமாதிக்கு முந்தின நாள். வீட்டில் எல்லாரும் அழுது முடித்திருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பயணக் களைப்பு என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

கருமாதியன்று தணிகாசலம் வந்தான். என்னைத் தனியே அழைத்துப் பேசலாம் என்றுதான் வந்திருப்பான். ஆனால் அக்கா எங்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

“ரெண்டு மாசம் முன்ன கிளாஸ்லதான்டா சொன்னாங்க” என்றான். “ஆஞ்சைனா வலி நெஞ்சுலயே வரணும்னு இல்ல, தாடைல வரும், தொண்டைல வரும்னு. அப்பா தொண்டைனு சொன்னதுமே எனக்குப் பொறி தட்டிச்சு. ஈசிஜி எடுத்தேன். தெளிவா இருந்திச்சு. நீ ஏன்டா அந்த மாத்திரைய நிறுத்தச் சொன்ன?”

நான் பதில் சொல்வதற்குள் அக்கா கேட்டாள். “இன்னா சொன்னீங்க டாக்டர்? ஆஞ்சைனாவா?”

“ஆமாங்க. அன்னிக்கே சொன்னேனே.”

“நான் ஆஞ்சீன்னு இல்ல எழுதிட்டேன்.” அவள் முகம் வெளுத்துப்போனது. “ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுட்டேன். நம்ம சொல்றதத்தான் அவரு இங்கிலீசுல சொல்றாருன்னு நெனச்சுட்டேன். தம்பி, நான் எழுதினதாலதானா?”

தணிகாசலம் என்னைப் பார்த்தான். நல்லவன். இதற்கு மேல் தோண்டக் கூடாது என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். “விடுக்கா. ஒரு எழுத்துதான். ஒனக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

ஆறுதலாகத்தான் சொன்னேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். அன்றிலிருந்து அவள் எழுதவில்லை.

6

இந்த மாதத்தின் முதல் சனிக்கிழமை நகராட்சிக் கூடத்தில் ஒவ்வொருவராகத் தங்கள் தவறைச் சொன்னார்கள். ஒருவர் மருந்து அளவைப் பத்து மடங்கு எழுதியதைச் சொன்னார். மருந்துக் கடைக்காரர் பிடித்துவிட்டாராம். தூங்கும் கிழவர் அன்று தூங்கவில்லை. குடல்வால் வெடித்த ஒரு சிறுமியைப் பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் நடிக்கிறாள் என்று திருப்பி அனுப்பியதைச் சொன்னார். நாற்பது வருடத்துக்கு முந்தைய சிறுமி.

என் முறை வந்தது. நான் அப்பாவின் கதையைச் சொன்னேன். பிரெஞ்சு ஆஞ்சீன், ஆங்கில ஆஞ்சைனா, இரண்டுக்கும் நடுவில் ஒரு புதுச்சேரிக் குடும்பம். கரும்பலகையில் இரண்டு சொல்லையும் எழுதிக் காட்டினேன். கூடத்தில் ஒரு முனகல் எழுந்தது. இங்கே வேலைக்கு வந்த அயல்நாட்டு நோயாளிகளிடம் சொற்களைக் கவனமாகக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை என்றார் ஒருவர். டாக்டர்கள் சங்கத்தின் பத்திரிகைக்கு எழுதித் தரச் சொன்னார் இன்னொருவர்.

மதாம் பெர்ரான் மட்டும் பேனாவை மூடாமல் கேட்டார். “உங்கள் அக்கா நோயின் பெயரை மட்டும்தான் எழுதியிருந்தாரா? வலி எப்படி இருக்கிறது, எப்போது வருகிறது, ஒன்றும் எழுதவில்லையா?”

“இல்லை. பெயர் மட்டும்தான்” என்றேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத் தாளில் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு காப்பி கொடுத்தார்கள். நானும் ஒன்று குடித்தேன்.

7

வீட்டுக்கு வந்தபோது என் மகள் நிர்மலா கூடத்தில் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தாள். பதிமூன்று வயது. மூன்று நாளாக ஆஞ்சீன், பிரெஞ்சு ஆஞ்சீன். தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். அவளுடைய தம்பி கேட்பதுகூட இல்லை. தமிழ் எழுத்து இருவருக்குமே தெரியாது.

நான் மேசை இழுப்பறையிலிருந்து அக்காவின் பழைய கடிதத்தை எடுத்தேன். சங்கத்துப் பத்திரிகைக்கு எழுத அது வேண்டியிருந்தது. நிர்மலா பார்த்துவிட்டு, அது யார் எழுத்து, ஏன் இவ்வளவு உருண்டையாக இருக்கிறது என்று கேட்டாள். அத்தை எழுதியது என்றேன். படித்துக் காட்டச் சொன்னாள். படுத்துக் கிடக்கும் பிள்ளைக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை.

நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்து, பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு வந்தேன். எந்த வரியையும் விடவில்லை. ஏன் விடவில்லை என்று தெரியவில்லை. வாய் தன் பாட்டுக்குப் படித்தது.

நிர்மலா தொண்டையைத் தடவிக்கொண்டே கேட்டாள். அதிசயமாகத் தமிழில் கேட்டாள்.

“நடந்தா எதுக்குப்பா தொண்ட வலிக்கணும்? எனக்கு முழுங்குனாத்தான் வலிக்குது.”

நான் கடிதத்தை மடித்தேன். காய்ச்சல் இருக்கிறதா என்று அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். இல்லை. அடுப்படிக்குப் போய் அவளுக்குப் பால் சூடு பண்ணினேன். அது பொங்கி வழிந்து அடுப்பு அணைகிற வரைக்கும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

இந்தக் குறிப்புகள் வெளியாகும் தமிழ்ப் பத்திரிகை சாரத்தில் அக்கா வீட்டுக்கு மாதா மாதம் போகிறது. கல்யாணி படித்துக் காட்டுவாள். சங்கத்துப் பத்திரிகைக்கு நான் எழுதப்போவதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

அக்கா, ஆஞ்சீன் என்ற வரிக்கு அடுத்த வரியை நீ மறந்திருப்பாய். மேலே உன் கடிதத்தை எடுத்தெழுதியபோது நானும் அதை விட்டுவிட்டேன். கடிதம் என்னிடம் இருக்கிறது. ‘கொஞ்ச தூரம் நடந்தால் தொண்டையை வந்து அடைக்கிறதாம், நின்றால் விட்டுவிடுகிறதாம், இடது கை மரத்துப் போகிறதாம்’ என்று எழுதியிருக்கிறாய். தொண்டைப் புண் நடந்தால் வந்து நின்றால் போகாது. மூன்றாம் வருடம் படிக்கிற பிள்ளைகூட அந்த ஒரு வரியில் இதயம் என்று சொல்லிவிடும். பெயரை நீ எப்படி எழுதியிருந்தாலும் நோயைச் சரியாக எழுதியிருந்தாய். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. நான்தான் ஆஞ்சீன் என்ற சொல்லோடு நின்று, மற்றதைக் கண்ணால் மட்டும் ஓட்டிவிட்டுப் பதில் எழுத உட்கார்ந்தேன். மருந்து சொல்லும் அவசரம் எனக்கு.

கருமாதிக்கு வரும்போது விமானத்தில் உன் கடிதத்தைத் திரும்ப முழுதாகப் படித்தேன். உன் கையைப் பிடித்து ‘ஒரு எழுத்துதான்’ என்று சொன்னபோது இது எனக்குத் தெரியும்.